மாமாவின் தொட்டியும் 36 கற்களும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காங்கேயம் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கும் என் தாய்மாமா, வரிசையாக 23 போட்டோக்களைப் போட்டார். அத்தனையும் கல். ஒவ்வொரு கல்லின் மீதும் சிவப்பு வட்டம். விரலால் போட்டது என்பதால் சில வட்டங்கள் முட்டை மாதிரி இருந்தன. கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ்: "எல்லாமே குறைக் கல்லு. மேஸ்திரி நம்மளை நல்லா ஏமாத்திப்போட்டாப்ல. பாக்கிப் பணம் ஒத்த ரூவா குடுக்கமாட்டேன்."

அடுத்த நிமிடம் எனக்குத் தனியாக ஒன்று. "கண்ணு, நீ பத்திரிகைலதானே இருக்கறே. இதைய எழுதிப் போடு."

நான் இருப்பது ஒரு வார இதழின் டிஜிட்டல் டெஸ்க்கில். காலையில் வானிலை, மதியம் ரெசிப்பி, சாயங்காலம் 'வீட்டு வாசலுக்கு எந்த டைல்ஸ்?' என்று எது வந்தாலும் எழுதுகிற வேலை. ஜர்னலிசம் டிப்ளமோவில் எனக்கு உருப்படியாக மனதில் நின்ற பாடம் ஒன்று உண்டு. ஒருவர் மேல் புகார் என்றால் அவரிடமும் பேச வேண்டும். புகார் சொல்வது தாய்மாமாவாக இருந்தாலும் சரி. "நான் நேர்ல வந்து பாக்கறேன் மாமா" என்று அனுப்பிவிட்டு, அந்த வாரக் கடைசியில் திருப்பூருக்கு ரயில் ஏறினேன்.

இந்தத் தொட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புச்சி காலத்து பம்ப் செட் தொட்டி அது. 20 அடி நீளம், 12 அடி அகலம். கிணற்றுத் தண்ணீர் அதில் விழுந்து வாய்க்கால் வழியாகத் தென்னைக்குப் போகும். லீவுக்குப் போகும் பேரன் பேத்திகள் எல்லோரும் அதில்தான் கால் உதைக்கக் கற்றுக்கொண்டோம். தைரியம் வந்தவர்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போவார்கள். எனக்குக் கடைசி வரை தொட்டிதான். பிறகு சொட்டுநீர்ப் பாசனம் வந்தது, தொட்டியில் விரிசல் விட்டது, பாசி பிடித்தது, தேங்காய் மட்டை போடும் இடமாகிப் போனது.

அதை மறுபடியும் நீச்சல்குளமாக்க மாமா கிளம்பியது பந்தாவுக்காக இல்லை. அம்மாயிக்கு 74 வயது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி எட்டு மாதம். தண்ணீருக்குள் நடக்கிற பயிற்சி நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். மார்பளவுத் தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும், மூட்டுக்கு வலி குறையும். அதற்காக வாரம் மூன்று நாள் திருப்பூர் போய்வர முடியுமா? "வீட்டுக்குப் பின்னால தொட்டி கெடக்குதே" என்று அம்மாயிதான் கேட்டாராம். விரிசலை அடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, அகலப் படி கட்டி, கைப்பிடிக் கம்பி போட்டு, சுற்றிலும் விளிம்பில் கல் பதித்தாயிற்று. 36 கல். வேலையும் கல்லும் சேர்த்து மேஸ்திரிக்குப் பேசியது 1,35,000 ரூபாய். 90,000 கொடுத்தாகிவிட்டது. மிச்சம் 45,000-ல்தான் சண்டை.

கல்லைப் பார்த்ததுமே எனக்குப் பெயர் தெரிந்தது. கடைக்காரர்கள் காஷ்மீர் ஒயிட் என்பார்கள். காஷ்மீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மதுரைப் பக்கத்துக் குவாரிகளில் வெட்டுகிற கல். நில இயல் படித்தவர்கள் இதை கிரானைட் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பூமிக்குள் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை இது. ஆனால் கல் வியாபாரத்தில் கடினமாக இருக்கிற எல்லாமே கிரானைட்தான்.

மேஸ்திரி இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கறுப்புக் கல் வெயிலில் கொதிக்கும், வெறுங்காலோடு நிற்க முடியாது. வெள்ளைக் கல் அவ்வளவு சுடாது. அதோடு பாலிஷ் கல் வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லி, தீயில் சுட்ட கல்லாக வாங்கி வந்திருக்கிறார். 'ஃபிளேம்டு' என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கல்லின் மேற்பரப்பில் கேஸ் ஜுவாலையைக் காட்டும்போது அதிலிருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் சட்டென்று விரிந்து பொரிந்து தெறிக்கும். மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். ஈரக் கால் வழுக்காது. அம்மி கொத்துவது ஞாபகம் இருக்கிறதா? மழமழவென்று தேய்ந்துபோன அம்மியில் அரைபடாது என்று உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். ஏறக்குறைய அதே வேலை, இங்கே காலுக்காக.

மாமாவுக்கு அந்தச் சொரசொரப்பே முதலில் பிடிக்கவில்லை. "ரோட்டோரத்துக் கல்லாட்டம் இருக்குது" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார் போல. என்ன சொன்னார் என்று மாமா சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் மாமா கல்லைக் குனிந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார். புள்ளி தெரிந்தது. கோடு தெரிந்தது. மஞ்சள் தெரிந்தது. போனை எடுத்து ஜூம் பண்ணிப் பார்க்க, இன்னும் தெரிந்தது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு, பளபளப்பாக ஒரே நிறத்தில் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். கடையிலிருந்து சாம்பிள் கூட வாங்கி வைத்திருந்தார். அதைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸ், அதன் மேல் பிரின்ட் செய்த சாம்பல் நிறக் கோடுகள். கல்லில் தானாக வந்த கோடு வேண்டாம், டைல்ஸில் மெஷின் வரைந்த கோடு வேண்டும். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மதியச் சாப்பாடு கிடைத்திருக்காது.

மறுநாள் காலை மேஸ்திரியை வரச் சொன்னோம். ஐம்பது வயதிருக்கும். அப்பா திருமுருகன்பூண்டியில் சிலை வடித்தவர், இவர் வீட்டுக் கல் வேலைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சிறிய சுத்தியலும் ஒரு வாளியும் மட்டும் கொண்டுவந்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. கல்லைக் கடனுக்கு எடுத்திருக்கிறார், கல் கடைக்காரர் தினமும் போன் செய்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் சாக்பீஸால் எல்லாக் கற்களுக்கும் நம்பர் போட்டேன். 1 முதல் 36 வரை. மாமாவின் சிவப்பு வட்டங்கள் எந்தெந்த நம்பரில் வருகின்றன என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு மூவரும் ஒன்றாம் நம்பரிலிருந்து நடந்தோம். அம்மாயி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் புள்ளிகள். செம்பழுப்பு நிறத்தில், மிளகு சைஸில், சில கற்களில் நிறைய, சிலவற்றில் ஒன்றிரண்டு. "இது துரு" என்றார் மாமா. "துரு இல்லீங்ணா, கல்லோட கூடப் பொறந்ததுங்க" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது சரி. அது கார்னெட் என்ற கனிமம். நவரத்தினத்தில் வரும் கோமேதகம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் மோதிரத்துக்கு ஆகும் தரம் வேறு, அந்த ஆசை வேண்டாம். மேஸ்திரி நகத்தால் சுரண்டிக் காட்டினார். உதிரவில்லை, விரலில் நிறம் ஒட்டவில்லை. துருவாக இருந்தால் புள்ளியைச் சுற்றி நீரில் மை பரவிய மாதிரி மஞ்சள் வளையம் இருக்கும். இதில் ஓரம் வெட்டினாற்போல இருந்தது.

அடுத்து நிற வித்தியாசம். 17-ம் நம்பர் கல்லின் குறுக்கே, பென்சிலால் அழுத்தி இழுத்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் பட்டை. பாறை உருமாறும்போது வெவ்வேறு கனிமங்கள் தனித்தனியாகத் திரண்டு இப்படி வரியோடுவது இயற்கை. "ஒரே பாறையில அறுத்தாலும் மேல் பலகை மாதிரி கீழ் பலகை இருக்காதுங்க" என்றார் மேஸ்திரி. இங்கே மட்டும் அவர் மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம். பதிப்பதற்கு முன்பே 36 கற்களையும் சிமென்ட் இல்லாமல் சும்மா தரையில் வரிசையாக அடுக்கி, தண்ணீர் தெளித்து, மாமாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நனைந்தால் தான் கல்லின் உண்மையான நிறம் தெரியும். பட்டை போட்ட கல்லை எங்கே வைப்பது என்று அப்போதே பேசியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. கேட்டேன். "அண்ணன் அன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போயிட்டாருங்க அம்மிணி, சிமென்ட் குழைச்சாச்சு" என்றார்.

உங்கள் வீட்டில் கல் வேலை நடந்தால் அந்த ஒரு நாள் எங்கேயும் போகாதீர்கள். கடையிலும் கையகல சாம்பிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழுப் பலகையை நிற்க வைத்துப் பாருங்கள். சாம்பிள் என்பது அந்தப் பலகையின் அழகான மூலை, அவ்வளவுதான்.

புள்ளியும் பட்டையும் சேர்த்து மாமா வட்டம் போட்டவை ஏழு கற்கள். இவை ஏழும் குறை இல்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மாமா எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு கற்களின் ஓரத்தில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. கல்லே பொடிகிறது என்பது மாமாவின் கட்சி. மேஸ்திரி விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். "உப்புங்க." சுவரில் உப்புப் பூப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதேதான். கலவையிலும் தண்ணீரிலும் இருக்கும் உப்பு, ஈரத்தோடு கல்லின் இடுக்கு வழியாக மேலே வந்து, தண்ணீர் ஆவியானதும் வெளியே தங்கிவிடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று அத்தையைக் கேட்டால் மீதியைச் சொல்வார். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அடியில் இருக்கும் ஈரம் முழுக்கக் காயக் காய, வருவது குறையும். அதற்குள் அவசரப்பட்டு மேலே சீலர் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் மாட்டிக்கொள்ளும். மேஸ்திரி சீலர் அடிக்காமல் காத்திருந்தது அதனால்தான். மாமாவோ, சீலர் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்திருக்கிறார்.

அப்புறம் கோடுகள். பட்டை இல்லை, மயிரிழைக் கோடு. மூன்று கற்களில். இங்கேதான் எனக்கும் பயம் வந்தது. கல்லில் பிறவியிலேயே நூல் மாதிரி கோடு ஓடும். பிற்பாடு அடிபட்டோ பாரம் தாங்காமலோ விரிசலும் விழும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒன்று நூறு வருஷம் இருக்கும், இன்னொன்று அம்மாயி கை ஊன்றும்போது உடையலாம்.

மேஸ்திரி என் கையைப் பிடித்து நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுக்கச் சொன்னார். சுட்ட கல் என்பதால் மேலே எல்லாமே சொரசொரப்புதான், சரியாகத் தெரியவில்லை. பக்கவாட்டில், அறுத்த வழவழப்பான ஓரத்தில் இழுக்கச் சொன்னார். இரண்டு கற்களில் நகம் எங்கேயும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது கல்லில், 12-ம் நம்பரில், டக்கென்று நின்றது. அதே கல்லின் மேல் வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். மேலே தண்ணீர் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் கறுப்பாக ஈரம் பிடித்து நின்றது. உள்ளே போயிருக்கிறது.

"இது மாத்திக் குடுக்கோணுங்க, என்ர தப்புத்தான்" என்றார். மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை யாரும் கேட்கவில்லை. சுத்தியலை எடுத்து ஒன்றாம் நம்பரிலிருந்து ஒவ்வொரு கல்லாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங். பதித்த கல் என்பதால் கோயில் மணி மாதிரி ஒலிக்காது, ஆனால் கணீரென்று ஒரு சத்தம் திரும்ப வந்தது. 12-ல் சத்தம் பிசகியது. எனக்கே கேட்டது. அவர் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தார். 31-ல் 'தொப்' என்றது. மறுபடி தட்டினார். தொப். குனிந்து ஓரத்தைத் தடவிவிட்டு, "இதுவும் போச்சுங்க" என்றார்.

31-ல் மாமா வட்டமே போடவில்லை. புள்ளி இல்லை, பட்டை இல்லை. போட்டோவில் பார்த்தால் 36-லேயே அழகான கல் அதுதான். அடியில் கலவை சரியாகப் பிடிக்காமல் உள்ளே காலியாக இருந்திருக்கிறது. அந்த இடத்தில் பாரம் விழுந்து, கீழிருந்து மேலாக விரிசல் பாதி வரை ஏறியிருந்தது. படியில் இறங்கும்போது அம்மாயி வலது கையை ஊன்றும் இடத்துக்கு அடுத்த கல்.

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏற்கெனவே 45,000 ரூபாய் நிலுவையில் நிற்கிறது. தன் மேல் இன்னொரு குறையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள அன்றைக்கு அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

தட்டிப் பார்க்கிற வித்தை அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. சிலைக்குக் கல் தேர்ந்தெடுக்கும் ஸ்தபதிகள் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள். கணீரென்று ஒலிப்பது ஆண் தெய்வத்துக்கு, இனிமையாக ஒலிப்பது பெண் தெய்வத்துக்கு. இரண்டிலும் சேராத கல்லைத் தளத்துக்குப் போடலாம், சிலைக்கு ஆகாது. சிலைக்கு எடுக்கும் கல்லில் கோடும் புள்ளியும் கறையும் தோஷம்தான். அந்த வகையில் மாமா கேட்டதும் ஒரு மரபுதான். ஆனால் பாறையை வெட்டி எடுக்காமல், இருந்த இடத்திலேயே செதுக்கியவர்கள் வேறு வழி பார்த்தார்கள். மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய சிற்பத் தொகுதியை ஸ்கூல் டூரில் பார்த்திருப்பீர்கள். நடுவில் மேலிருந்து கீழ் வரை பாறை பிளந்திருக்கும். அது இயற்கையான பிளவு. பல்லவச் சிற்பிகள் அதில் நாகங்களைச் செதுக்கி, ஆறு இறங்கி வருகிற இடமாக்கிவிட்டார்கள். மேலே தண்ணீர் தேக்கி அந்தப் பிளவு வழியாக வழிய விட்டிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

இனி மஞ்சள். மிச்சமிருந்தது இதுதான், பெரியதும் இதுதான். ஒன்பது கற்களில், டீ கொட்டித் துடைத்த மாதிரி பழுப்பு மஞ்சள் திட்டுகள். இது நிஜமாகவே துரு. இந்த வெள்ளைக் கல்லில் இரும்புச் சத்துள்ள கனிமங்கள் கொஞ்சம் உண்டு, நீரும் காற்றும் பட்டு மஞ்சளாவது இந்த ரகத்தில் நடப்பதுதான். மேஸ்திரி மாட்டிக்கொண்டார் என்றே நினைத்தேன்.

நோட்டைப் பார்த்தால் ஒன்று இடித்தது. 1 முதல் 9 வரை, ஒன்பதும் வரிசையாக, கிழக்குப் பக்கத்தில் மட்டும். மற்ற மூன்று பக்கத்திலும் ஒரு துளி மஞ்சள் இல்லை. அதே பாறையில் அறுத்த மிச்சக் கற்கள் நான்கு தென்னை மரத்தடியில் கிடந்தன. அந்த நான்கும் ஒரு மாதமாக மழையில் நனைந்துகொண்டு, பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

மேஸ்திரி சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்ணா, ஆசிட் ஏதும் பட்டுதுங்களா?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. வேப்பமரத்தடியிலிருந்து அம்மாயி சொன்னார்: "அன்னிக்கு ஒரு நாள் ஒரே பொகையா வந்துதே. எனக்குத் தொண்டையெல்லாம் கமறிப்போச்சே."

கல்லில் தெறித்திருந்த சிமென்ட் போகட்டும் என்று, ஹார்டுவேர் கடையில் ஆசிட் வாங்கி, தோட்டத்தில் வேலை செய்யும் பையனை விட்டுக் கிழக்குப் பக்கத்தைக் கழுவச் சொல்லியிருக்கிறார் மாமா. பாட்டில் தீர்ந்துபோனதால் ஒன்பது கல்லோடு நின்றிருக்கிறது. சிமென்ட் போய்விட்டது. கூடவே, கல்லுக்குள் பேசாமல் இருந்த இரும்பை ஆசிட் கரைத்து வெளியே இழுத்திருக்கிறது. ஒரு வாரத்தில் மஞ்சள்.

பம்ப் செட் ரூமில் போய்ப் பார்த்தேன். காலி ஆசிட் பாட்டில், அதை ஒட்டியே பிளீச்சிங் பவுடர் மூட்டை. கறையை விட இதுதான் என்னைக் கலங்க வைத்தது. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். அந்தப் பையனுக்குக் கையுறை கூடக் கொடுக்கவில்லை. நீச்சல்குளம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே தேவைப்படும். தண்ணீரின் பிஹெச் 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும், ஏறினால் ஆசிட் சேர்த்துத்தான் இறக்குவார்கள். ஆனால் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டும். கலக்கும்போது வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டுமே தவிர, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கல் மேல் ஊற்றவே கூடாது. கிரானைட்டிலாவது கறையோடு போகும். கடப்பா, கோட்டா எல்லாம் சுண்ணாம்புக் கல், ஆசிட் பட்டால் நுரைத்து அரித்துவிடும். எலுமிச்சை மூடியை வைத்து மறந்துபோன சமையல் மேடையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எந்த கிளீனராக இருந்தாலும் மிச்சக் கல்லில் ஒரு வாரம் முன்பே போட்டுப் பாருங்கள். கல் வாங்கும்போதே நாலைந்து அதிகம் வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

மதியம் சாப்பிட்ட பிறகு மாமாவிடம் நோட்டைக் கொடுத்தேன். 23 வட்டம். ஏழு கல்லின் இயல்பு. நான்கு உப்பு. இரண்டு பிறவிக் கோடு. ஒன்பது ஆசிட். மேஸ்திரி மாற்ற வேண்டியது ஒன்று, வட்டம் போடாமல் இன்னொன்று.

மாமா கெட்டவர் இல்லை. அப்பா இல்லாத எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியவர் அவர்தான். அதனால்தான் அந்தப் பத்து நிமிஷம் கஷ்டமாக இருந்தது. "அப்ப நாந்தான் தப்புங்கறயா?" என்றார். "ஒன்பது கல்லுக்கு ஆமாங்க மாமா" என்றேன். "ஆசிட்டு ஊத்தக் கூடாதுன்னு மேஸ்திரி முன்னாடியே சொல்லியிருக்கோணுமில்ல?" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. கல் பதிக்கும்போதே எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எது குறை, எது இயல்பு என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் யார் எழுதுகிறார்கள்? வாய்ப்பேச்சும் வெற்றிலைப் பாக்கும்தான்.

மாமா கடைசியாக டைல்ஸ் சாம்பிளை எடுத்தார். "எல்லாத்தையும் பேத்துப்போட்டு இதைய ஒட்டிட்டா ஒரு தொந்தரவும் இல்லை பாரு."

அம்மாயி அதைக் கையில் வாங்கித் தரையில் போட்டார். செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதன் மேல் கொட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலின் பெருவிரலை மட்டும் வைத்துத் தள்ளிப் பார்த்தார். அது சர்ரென்று போனது. "இதுல என்ரனால நிக்க முடியாது சாமி. எனக்கு அந்தச் சொரசொரப்புக் கல்லே இருக்கட்டும். புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகுது."

அதற்கு மேல் மாமா பேசவில்லை. சாயங்காலம் மேஸ்திரி கிளம்பும்போது 20,000 ரூபாயை போனிலேயே அனுப்பினார். மீதி 25,000, இரண்டு கல்லையும் மாற்றிய அன்றைக்கு. கூலி வேண்டாம் என்றார் மேஸ்திரி. தென்னை மரத்தடி மிச்சக் கல்லில் இரண்டு வேலைக்கு ஆனது. ஒன்பது மஞ்சளுக்கு, துருக் கறைக்கென்றே விற்கும் மருந்தை மாவு மாதிரி குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி ஒரு ராத்திரி விட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த மருந்துச் செலவு மாமாவுடையது. மூன்று முறை பூசியிருக்கிறார். முழுதாகப் போகவில்லை, மங்கியிருக்கிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

31-ம் கல் மாறி மூன்று நாள் கழித்து, தண்ணீர் நிரப்பினார்கள். முதல் வாரம் அத்தை கூடவே இறங்கினார். இப்போது அம்மாயி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தானாக இறங்கி, விளிம்புக் கல்லைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார். எத்தனை சுற்று என்று பிசியோதெரபிஸ்ட் கணக்குக் கேட்பாராம். "படியிலிருந்து அந்தக் கோடு போட்ட கல்லு வரைக்கும் போயித் திரும்பினா ஒண்ணு" என்று போனில் சொன்னார். அது 17-ம் நம்பர். நேற்று பத்து முடித்திருக்கிறார். பத்தாவதில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கியதாம்.